கடலில் களவுத் தொழில் நடந்தால் யாருக்குச் சொல்வது? திருகோணமலைக் கரையோரத்தாரின் கேள்விகளும் பதில்களும்

உப்புவெளியில் காலை நடைக்குப் போகிறவரும், நிலாவெளியில் விடுதி வைத்திருப்பவரும், திருக்கடலூரில் வலை பொத்துகிறவரும், கிண்ணியாச் சந்தையில் மீன் வாங்குகிறவரும் ஏதோ ஒரு நாள் சட்டவிரோத மீன்பிடியைக் கண்டுவிடுகிறார்கள். அதற்கு மேல் என்ன செய்வதென்று பலருக்குத் தெரிவதில்லை. அடிக்கடி காதில் விழும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

எதெல்லாம் சட்டவிரோத மீன்பிடி?

அடிப்படைச் சட்டம் 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம். எங்கள் கடலில் கண்ணில் படக்கூடியவற்றை மட்டும் சொல்கிறேன். டைனமைட் அல்லது வேறு வெடி போட்டு மீன் பிடிப்பது, நஞ்சு கலப்பது, தங்கூசி வலை (ஒற்றை நைலோன் இழை வலை) பாவிப்பது, கடலடியைச் சுரண்டி இழுக்கும் இழுவை மடி, அனுமதியில்லாமல் இரவில் வெளிச்சம் பாய்ச்சி மீனைக் கூட்டிப் பிடிப்பது, அனுமதியில்லாமல் கடலட்டைக்கும் சங்குக்கும் சுழியோடுவது, முட்டை சுமந்த சிங்கி இறாலைப் பிடிப்பது. இழுவை மடியை முழுமையாகத் தடை செய்தது 2017இல் வந்த திருத்தச் சட்டம். கடலாமை, டொல்பின், திமிங்கலம், கடற்பசு ஆகியவற்றைப் பிடிப்பதும் கொல்வதும் வனசீவராசிகள் சட்டத்தின் கீழும் குற்றம்.

பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. வெடி போட்டவர் மட்டும் குற்றவாளி அல்ல. அந்த மீனை வெடிமீன் என்று தெரிந்தே ஏற்றுபவர், விற்பவர், வாங்குபவர் எல்லோரும் சட்டத்தின் பிடிக்குள் வருகிறார்கள். விடியற்காலையில் கரையில் நிற்கும் லொறிக்கும் இதில் பங்குண்டு.

சந்தையில் கிடக்கும் மீன் வெடிமீனா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

வெளியே பார்த்தால் பெரும்பாலும் தெரியாது. கண் பளிச்சென்று இருக்கும், செதிலும் கலையாமல் இருக்கும். அதனால்தான் விலை போகிறது.

கையில் எடுத்துப் பாருங்கள். வலையில் பட்ட மீனில் செவுளுக்குப் பின்னால் கண்ணி அழுத்திய தடம் இருக்கும். தூண்டிலில் பட்டதில் வாய் கிழிந்திருக்கும். இரண்டும் இல்லாமல், வயிறு மட்டும் தொளதொளவென்று அமுங்கினால் சந்தேகப்படலாம். சில மீன் நடுவில் பிடித்துத் தூக்கினால் எலும்பே இல்லாததுபோல வளையும். அது முதுகெலும்பு முறிந்த மீன்.

வெட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும். வெடியின் அதிர்ச்சி மீனின் உள்ளே இருக்கும் காற்றுப்பையைக் கிழித்துவிடுகிறது. வயிற்றுக்குள் இரத்தம் கட்டியாகக் கிடக்கும். முதுகெலும்பை ஒட்டிச் சதை கருஞ்சிவப்பாகக் கன்றியிருக்கும். விலா முட்கள் சதையை விட்டுக் கழன்று நிற்கும். மீன் வெட்டிக் கொடுக்கும் ஆட்களுக்கு இது ஒரே வெட்டில் தெரியும். நீங்கள் கேட்டால் சொல்லுவார்கள், முதலாளி பக்கத்தில் இல்லாவிட்டால்.

ஒரு மீனை வைத்து முடிவு கட்ட வேண்டாம். இறக்கும்போது நசுங்கிய மீனிலும் இரத்தம் கட்டும். ஒரு குவியலில் பல மீன் இப்படி இருந்தால்தான் அது தகவல்.

கடலில் ‘டம்’ என்று சத்தம் கேட்டது. அது வெடிதானா?

கடற்படையின் கிழக்குப் பிராந்தியத் தலைமையகமே திருகோணமலையில் இருக்கிறது. பயிற்சிச் சத்தமும் கேட்கும், கல்லுடைக்கும் இடத்திலிருந்தும் கேட்கும். ஆகவே சத்தத்தை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது. அதற்கு அடுத்த சில நிமிடங்களைக் கவனியுங்கள். ஒரே இடத்தில் தண்ணீர் எழும்பி விழுந்ததா? அந்த இடத்தை நோக்கிப் படகு போனதா? ஆட்கள் கண்ணாடி போட்டுக்கொண்டு குதித்தார்களா? ஆலாக்களும் கடற்காகங்களும் திடீரென்று கூடினவா?

ஆட்கள் குதிப்பதற்குக் காரணம் இருக்கிறது. காற்றுப்பை கிழிந்த மீனில் பெரும்பகுதி மிதக்காது, அடியில் போய்விடும். அள்ள முடிந்ததை அள்ளிக்கொண்டு மிச்சத்தை விட்டுவிட்டுப் போவார்கள். பிடித்தது ஒரு பங்கு, நாசமானது பல பங்கு. கூடவே குஞ்சும் குருமனும் செத்துப்போகும், முருகைக்கல் (பவளப்பாறை) நொறுங்கும். நொறுங்கிய துண்டுகள் அலையில் உருண்டுகொண்டே இருப்பதால் புதிய முருகைக் குஞ்சுகள் அவற்றில் ஒட்டிப் பிடிக்க முடிவதில்லை. அந்த இடம் மீளப் பத்து இருபது வருடங்களோ அதற்கு மேலோ ஆகலாம்.

யாருக்கு அறிவிக்க வேண்டும்?

இப்போதே நடக்கிறது என்றால் 119, பொலிஸ் அவசர இலக்கம். பக்கத்தில் கடற்படை முகாமோ கரையோரப் பாதுகாப்புத் திணைக்கள நிலையமோ இருந்தால் அங்கும் சொல்லுங்கள். கடலுக்குப் போய்ப் பிடிக்கப் படகு வைத்திருப்பவர்கள் அவர்கள்தான்.

நடந்து முடிந்தது, அல்லது அடிக்கடி நடப்பது என்றால் மாவட்டக் கடற்றொழில் உதவிப் பணிப்பாளர் அலுவலகம். உங்கள் பகுதிக்கென்று ஒரு கடற்றொழில் பரிசோதகர் இருப்பார். மீனவர் சங்கத்தில் கேட்டால் அவர் பெயரும் இலக்கமும் கிடைக்கும். கடற்படை பிடிக்கும் படகையும் வலையையும் பெரும்பாலும் இந்த அலுவலகத்திடம்தான் ஒப்படைக்கிறார்கள், வழக்கு அங்கிருந்துதான் நீதவான் நீதிமன்றத்துக்குப் போகிறது.

ஆமை, டொல்பின், நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுத் தேசிய பூங்கா தொடர்பானது என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992. எண்ணெய்க் கசிவு என்றால் அது சமுத்திரச் சூழல் பாதுகாப்பு அதிகார சபையின் வேலை. எந்த அலுவலகத்தின் இலக்கம் என்றாலும் 1919ஐ அழைத்துக் கேட்டுக்கொள்ளலாம்.

‘இது எங்கள் பிரிவு இல்லை’ என்று ஓரிடத்தில் சொன்னால் சண்டை பிடித்து நேரத்தைக் கழிக்காதீர்கள். அப்ப யாருடைய பிரிவு என்று கேட்டு, சொன்னவரின் பெயரையும் குறித்துக்கொண்டு அடுத்த இடத்துக்கு அழையுங்கள்.

என்ன சொன்னால் நடவடிக்கை எடுப்பார்கள்?

‘நிலாவெளிப் பக்கம் எப்பவும் வெடி போடுறாங்க, நீங்க ஒண்டும் செய்யிறதில்ல’ என்று அழைப்பவர்கள்தான் அதிகம். ஆத்திரம் நியாயமானது. ஆனால் அந்தத் தொலைபேசி அழைப்பை வைத்து ஒரு படகைக்கூட அனுப்ப முடியாது.

இடம், நேரம், படகு. இந்த மூன்றும் இருந்தால் போதும்.

இடத்தைச் சொல்ல, கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களைப் பிடியுங்கள். கடலோடிகள் காலங்காலமாக வலை போட்ட இடத்தை நினைவில் வைப்பது இப்படித்தான். ‘இறக்கக்கண்டிப் பாலத்துக்கு நேர் கிழக்கே, புறாத்தீவு எனக்கு வலப்பக்கம், கரையிலிருந்து அரைக் கிலோமீற்றர் இருக்கும்’ என்றால் கடல் தெரிந்த எவருக்கும் விளங்கும். நிற்கும் இடத்தைக் கைத்தொலைபேசி வரைபடத்தில் விரலால் அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். அவற்றையும் அனுப்பலாம்.

நேரம் என்றால் மணிக்கூட்டு நேரம். ‘விடிய’ என்றால் போதாது, ‘ஐந்து நாற்பதுக்கு’ என்று சொல்ல வேண்டும். ஒழுங்காக ஒரே நேரத்தில் நடந்தால் கிழமையும் சொல்லுங்கள். காத்திருந்து பிடிப்பதற்கு அதுதான் உதவும்.

படகின் பக்கத்தில் பதிவு இலக்கம் எழுதப்பட்டிருக்க வேண்டும். படகு வகை, எண், மாவட்டக் குறி எல்லாம் அதில் இருக்கும். முழுதாகப் படிக்க முடியாவிட்டால் தெரிந்த நான்கு எழுத்தைச் சொல்லுங்கள். இலக்கத்தைச் சாக்கால் மூடியிருந்தால், மூடியிருந்தது என்பதையே சொல்லுங்கள், அதுவும் தகவல்தான். படகின் நிறம், இயந்திரத்தின் நிறம், எத்தனை பேர், எந்தக் கரைக்குப் போனது, எந்த வாகனத்தில் ஏற்றினார்கள். கரையில் நடப்பதைச் சொல்வது சுலபம், பிடிப்பதும் சுலபம். கடலில் வெடியைத் தண்ணீரில் போட்டுவிட்டால் கதை முடிந்தது. லொறியில் ஏறிய மீனை அப்படி ஒளிக்க முடியாது.

கண்டதையும் கேள்விப்பட்டதையும் கலக்காதீர்கள். ‘நான் பார்த்தேன்’, ‘மற்றவர் சொன்னார்’ என்று பிரித்துச் சொன்னால் உங்கள் சொல்லுக்கு மதிப்புக் கூடும்.

என் பெயர் வெளியே வருமா?

எல்லாரும் குரலைத் தாழ்த்திக் கேட்கும் கேள்வி இது. நியாயம்தான். ஒரே கரையில் படகு இறக்குகிறவர்கள், ஒரே கோயில் திருவிழாவில், ஒரே பள்ளிவாசலில் நாளைக்கும் முகம் பார்க்க வேண்டியவர்கள்.

தகவல் கொடுப்பது வேறு, முறைப்பாடு பதிவது வேறு. தகவல் என்றால் ‘இந்த இடத்தில் இது நடக்கிறது’ என்று சொல்லிவிட்டு விலகிவிடுவது. பெயர் சொல்லாமலும் செய்யலாம். அதிகாரிகள் போய்த் தாங்களே பிடித்தால் சாட்சி அவர்கள்தான், நீங்கள் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. குற்றம் பற்றிய தகவல் எங்கிருந்து கிடைத்தது என்று சொல்லும்படி பொலிஸ் உத்தியோகத்தரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று எங்கள் சாட்சியக் கட்டளைச் சட்டத்தின் 125ஆம் பிரிவே சொல்கிறது. முறைப்பாடு என்றால் பெயர், முகவரி, கையொப்பம் வேண்டும், பிறகு சாட்சியாக அழைக்கப்படவும் கூடும். சாட்சிகளுக்கு மிரட்டல் வந்தால் அதுவே தனிக் குற்றம். பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாக்க 2015இல் ஒரு சட்டம் வந்து, அதன் இடத்தில் 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது.

சட்டத்தில் இருப்பது அது. நடைமுறையில் பெயர் கசிவது பெரும்பாலும் சொன்னவரின் வாயிலிருந்துதான். தேநீர்க் கடையில் ‘நான்தான் போன் அடிச்சனான்’ என்று சொன்னால் மாலைக்குள் கரை முழுக்கத் தெரிந்துவிடும். 119க்கு அழைத்தால் உங்கள் இலக்கம் அங்கே தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஊருக்குள் பயம் அதிகம் என்றால் சங்கத் தலைவர், கிராம உத்தியோகத்தர், மதகுரு என்று நம்பிக்கையான ஒருவர் வழியாகச் சொல்லலாம். தனி ஆளின் பெயரைவிடச் சங்கத்தின் கடிதத்தலைப்பு பாதுகாப்பானது.

வீடியோ எடுத்து முகநூலில் போடலாமா?

எடுங்கள், போடாதீர்கள். குறைந்தது உடனே போடாதீர்கள். நீங்கள் பதிவேற்றிய அரை மணித்தியாலத்தில் படகும் வலையும் வேறு கரையில் இருக்கும். எடுத்த கோப்பை வெட்டாமல், எழுத்தும் பாட்டும் சேர்க்காமல் அப்படியே வைத்திருங்கள். வட்ஸ்அப்பில் அனுப்பினால் படத்தின் தரம் குறையும், நேரம் இடம் பற்றிய விவரங்களும் அழிந்துபோகும். மூலக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும்.

இன்னொன்று, ஆளைப் பிழையாக அடையாளம் காட்டிவிட்டால் வழக்கு உங்கள் மேல் திரும்பலாம். பொய்யான கூற்றுகளைப் பரப்புவதற்கு எதிராக 2024இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் இருக்கிறது.

படம் எடுப்பதற்காகப் படகுக்குக் கிட்டப் போகவே வேண்டாம். வெடி வைத்திருப்பவனிடம் நியாயம் பேசப் போகாதீர்கள்.

தமிழில் முறைப்பாடு எழுதுவார்களா?

எழுத வேண்டும். தமிழும் அரசகரும மொழி. ஆனால் பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்தவர் விடுமுறையில் இருக்கும் நாளில்தான் நாங்கள் போய்ச் சேருவோம், அது எங்கள் ராசி. நீங்கள் சொன்னதைச் சிங்களத்தில் எழுதிவிட்டுக் கையொப்பம் கேட்டால், வாசித்து விளங்கப்படுத்தும் வரை போடாதீர்கள். வீட்டிலேயே தமிழில் எழுதிக்கொண்டு போய்க் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குவது இன்னும் நல்லது. மொழி உரிமை மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவின் 1956க்கு அழைக்கலாம். முறைப்பாட்டு இலக்கத்தையும் பக்க எண்ணையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

இது ஏழை வயிற்றில் அடிப்பது இல்லையா?

இந்தக் கேள்வியைத் தட்டிக் கழிக்க எனக்கு மனம் வராது. யுத்தத்தில் கடல் பூட்டிக் கிடந்தது, சுனாமியில் படகு போனது, பிறகு மண்ணெண்ணெய் இல்லாமல் வரிசையில் நின்றார்கள். அப்படிப்பட்ட வீட்டுப் பையன் ஒருவன் கூலிக்கு வெடிப் படகில் ஏறுகிறான். பிடிபடுபவனும் அவன்தான், திரி கையிலேயே வெடித்தால் விரல் போவதும் அவனுக்குத்தான்.

ஆனால் அந்த வெடிமருந்து அவன் வீட்டில் விளைந்ததில்லை. கல்லுடைக்கும் தேவைக்கென்று அனுமதிப்பத்திரத்தில் கொடுக்கப்படுவது கைமாறி வருகிறது. கைமாற்றுபவர் ஒருவர், படகுக்குக் காசு போடும் சம்மாட்டி ஒருவர், மீனைக் கேள்வி கேட்காமல் எடுக்கும் வியாபாரி ஒருவர். உங்களிடம் அந்தப் பக்கத்துத் தகவல் இருந்தால் அதுதான் பெறுமதி கூடியது. 1956இன் வெடிபொருட்கள் சட்டத்தின் கீழ் அது தனியாகவே பெரிய குற்றம்.

மற்றப் பக்கத்தையும் பாருங்கள். கரைவலை இழுப்பவரும், தூண்டில் போடுபவரும், களப்பில் நண்டுக்கு வலை போடும் பெண்ணும் ஏழைகள்தான். முருகைப் பாரில் வெடி விழுந்த பிறகு விளைமீனும் ஓராவும் வராமல் வெறும் கூடையோடு திரும்புவது அவர்கள்தான். வெடிக்கு எதிராக முதலில் சத்தம் போடுபவர்கள் பெரும்பாலும் மீனவர்களே, நகரத்துச் சூழல் ஆர்வலர்கள் பிறகுதான் வருகிறார்கள்.

சுருக்கு வலை எல்லாமே தடையா?

இல்லை. மீன் கூட்டத்தைச் சுற்றி வளைத்து அடியைச் சுருக்கி இறுக்கும் வலை இது. இதில் கரைக்குக் கரை சண்டை நடப்பதால் நிதானமாகச் சொல்ல வேண்டும். அனுமதிப்பத்திரத்தோடு, அதில் குறித்த தூரத்துக்கு அப்பால், குறித்த கண்ணி அளவில், குறித்த நேரத்தில் அடிக்கலாம். கரையோரமாக வந்து அடித்தாலோ, கண்ணி சிறிதாக இருந்தாலோ, இரவில் வெளிச்சம் காட்டினாலோ அது மீறல். ஆகவே ‘சுருக்கு வலைப் படகு ஒன்று நிற்கிறது’ என்பது முறைப்பாடு ஆகாது. கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில், எத்தனை மணிக்கு என்பதுதான் முறைப்பாடு.

வெளியூர்ப் படகுகளைப் பற்றிச் சொல்லலாமா?

குற்றம் செய்தால் சொல்லலாம். வெளியூர் என்பதே குற்றம் இல்லை. சோழகக் காலத்தில் மேற்குக் கடல் கொந்தளிக்கும்போது நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவர் கிழக்குக்கு வந்து கரையில் வாடி (தற்காலிகக் குடில்) போட்டுத் தொழில் செய்வது பழைய வழக்கம். அனுமதியோடு வந்தால் அவர்களுக்கு உரிமையுண்டு.

திருகோணமலையில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் மூன்று பகுதியினரும் கடலில் இருக்கிறார்கள். ‘அவங்கட ஆக்கள்தான் வெடி போடுறது’ என்ற பேச்சு மூன்று பக்கமும் கேட்கும். முறைப்பாட்டில் இனத்தையும் ஊரையும் எழுதுவதால் ஒரு பயனும் இல்லை. படகு இலக்கத்துக்குச் சாதியும் இல்லை, மதமும் இல்லை.

இந்திய இழுவைப் படகுப் பிரச்சினை பெரும்பாலும் வடகடலுடையது. வெளிநாட்டுப் படகுகளுக்கு 1979இன் தனிச் சட்டம் இருக்கிறது, 2018இல் அதன் தண்டப்பணம் பெரிதாகக் கூட்டப்பட்டது. இங்கே கண்டால் நேரே கடற்படைக்குச் சொல்லுங்கள், கிட்டப் போக வேண்டாம்.

சொல்லியும் ஒன்றும் நடக்கவில்லை. இனி?

ஒரு முறை சொல்லிவிட்டு அலுத்துப்போவது வழக்கம். அதைத்தான் அவர்களும் எதிர்பார்ப்பார்கள். 2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பாவியுங்கள். உங்கள் முறைப்பாட்டின் திகதியைச் சொல்லி, என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது, இந்த வருடம் வெடி தொடர்பாக எத்தனை வழக்குகள் தாக்கல் செய்யப்பட்டன என்று மாவட்ட அலுவலகத்தின் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தமிழில் எழுதலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கும் மேலே தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு. ஒரு கடிதம் போன பிறகு கோப்பு எங்கிருந்தோ தூசி தட்டி எடுக்கப்படுவதைக் கண்டிருக்கிறேன்.

அதிகாரியே காசு வாங்கிக்கொண்டு கண்ணை மூடுகிறார் என்று ஆதாரம் இருந்தால் இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் 1954. ஆதாரம் இல்லாத சந்தேகம் என்றால், அதே தகவலை இரண்டு வெவ்வேறு இடங்களுக்கு ஒரே நேரத்தில் கொடுங்கள். இரண்டு இடத்துக்கும் தெரிந்த விஷயத்தை ஒருவர் தனியாக அமுக்குவது கடினம்.

புறாத்தீவுக்குச் சுற்றுலா வந்தவர்கள் என்ன செய்யலாம்?

புறாத்தீவு 1963இல் சரணாலயம், 2003இலிருந்து தேசிய பூங்கா. தீவு மட்டுமல்ல, சுற்றியுள்ள கடலும் சேர்த்து 471 ஹெக்டேயர். அதற்குள் வலையோ தூண்டிலோ கண்டால் அங்கேயே கடமையில் இருக்கும் வனசீவராசிகள் உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். முருகைக்கல்லில் சிக்கிக் கிடக்கும் வலையை நீங்களே இழுக்காதீர்கள், கல்லும் பெயர்ந்து வரும். இடத்தைக் காட்டினால் போதும். கூட்டிவந்த படகோட்டி முருகைக்கல் மேல் நங்கூரம் போட்டாலும் சொல்லலாம், அவருக்குக் கோபம் வந்தாலும் பரவாயில்லை.

கரையில் சந்தேகமான பொதி ஒன்று ஒதுங்கிக் கிடக்கிறது. எடுத்துக்கொண்டு போய்க் கொடுக்கலாமா?

தொடவே கூடாது. நனைந்தது வெடிக்காது என்று நினைக்காதீர்கள். பிள்ளைகளையும் நாய்களையும் விலக்குங்கள், காலால் தட்டிப் பார்க்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ஒரு தடியை நட்டு அடையாளம் வைக்கத் தோன்றினாலும் வைக்காமல், விலகி வந்து 119க்கு அழையுங்கள். வருகிறவர்களுக்கு இடத்தைத் தூரத்திலிருந்தே கைகாட்டினால் போதும், அவர்கள் பின்னால் நடந்து போக வேண்டாம்.